எறிவதற்கு முன் எடுத்து வையுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், இரண்டு அறைகள் கொண்ட தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். கணவர், நான், மாமி, இரண்டு பிள்ளைகள். மகன் அடுத்த ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். அவனுடைய மேசையில் கொப்பி விரிக்க இடமில்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டிகள், அலுமாரிக்கு மேலே பெட்டிகள், பல்கனியில் பழைய வாளிகளும் பூச்சாடிகளும். கனடாவுக்குப் போன மைத்துனரின் சாமான்களும் எங்களிடம்தான் இருக்கின்றன. மாமி ஐஸ்கிறீம் பெட்டியைக்கூட எறிய விடமாட்டார். போன மாதம் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது பத்திரிகைக் கட்டுகளையும் ஒரு தகரப்பெட்டியையும் போத்தல் பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் மாமாவின் கடிதங்கள் சில இருந்திருக்கின்றன. அன்றிலிருந்து மாமி என்னுடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவர், “இருப்பதை இருந்தபடி விடு” என்கிறார். வீட்டை ஒழுங்குபடுத்துவதில் உண்மையிலேயே இவ்வளவு பயன் இருக்கிறதா, இல்லை நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேனா?
- வாசகி, கொழும்பு 06

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து பேர் இரண்டு அறைகளில் வாழும் வீட்டில், படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசை வேண்டும் என்று கேட்பது பிடிவாதம் ஆகாது. பயன் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதைப் பேசுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தகரப்பெட்டிக்காக மாமியிடம் மன்னிப்புக் கேளுங்கள். காரணம் எதுவும் சேர்க்காமல் கேளுங்கள். “இடமில்லாதபடியால்தான் கொடுத்தேன்” என்ற பேச்சு அதற்குள் வரவே கூடாது. அந்தப் போத்தல் பேப்பர்காரர் உங்கள் ஒழுங்கைக்கு வழக்கமாக வருபவர் என்றால் அவரிடம் விசாரியுங்கள். ஒரு மாதமாகிவிட்டது, கிடைப்பது கடினம். ஆனாலும் நீங்கள் தேடினீர்கள் என்பது மாமிக்குத் தெரிய வேண்டும்.

மாமியின் வயதை நீங்கள் எழுதவில்லை. எழுபதை ஒட்டியவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நம்மவர்களில் அந்த வயதுக்காரர் ஒருவர் எதையும் எறிய மறுத்தால் நான் உடனே குறை சொல்ல மாட்டேன். 1983 ஆடியில் கொழும்பில் எத்தனையோ குடும்பங்கள் உடுத்திய உடுப்புடன் அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கின. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கையில் அகப்பட்டதுதான் சொத்து. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வீடுகளில் பிள்ளைகள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். வெறும் போத்தல் ஒன்று அன்றைக்கு வீட்டின் வெளிச்சமாக இருந்தது. அதைக் கழுவி வைத்துப் பழகியவரிடம் இன்று “ஏன் எறியவில்லை” என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றபோது, சேர்த்து வைத்தது சரிதான் என்று அவருக்கு இன்னொரு முறை உறுதியாகியிருக்கும். உங்கள் மாமி இவற்றில் எதைக் கடந்து வந்தார் என்பது எனக்குத் தெரியாது. உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அதனால் நான் சொல்லும் வழி வழக்கமான வரிசைக்கு எதிரானது. எறிவதிலிருந்து தொடங்காதீர்கள். தொலையவே கூடாதவற்றை முதலில் பத்திரப்படுத்துங்கள். முக்கியமானது பத்திரமாக இருக்கிறது என்று கண்ணால் கண்டவர், மற்றதை விட்டுக்கொடுக்கத் தயங்குவது குறையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மாமியைக் கதிரையில் இருத்தி, வீட்டில் உள்ள எல்லாப் பத்திரங்களையும் அவர் முன்னால் வையுங்கள். ஊர்க் காணி உறுதி, பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்கள், ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், வங்கிப் புத்தகங்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள். எது என்ன என்று அவர் சொல்லட்டும், உங்கள் மகன் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள். பழைய உறுதியை லமினேற் செய்யாதீர்கள். சூட்டில் தாளும் மையும் பழுதாகும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டியும் வைக்காதீர்கள். கொழும்பின் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கும். அந்த ஈரம் பைக்குள் சிக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். துருப்பிடித்த குண்டூசிகளையும் கிளிப்புகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் கடதாசி உறையில் இட்டு, மூடியுள்ள பெட்டியில், அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். பெட்டியின் சாவி மாமியிடம் இருக்கட்டும்.

அதே மேசையில் படங்களையும் எடுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இருப்பவர்கள் யார் என்று இன்று சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் மாமி ஒருவர்தான். படத்தின் பின்புறத்தில் பென்சிலால், அழுத்தாமல், பெயரும் ஊரும் எழுதுங்கள். ஒரே நாளில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். மாமாவின் கடிதங்கள் எஞ்சியிருந்தால் அவையும் இந்தப் பெட்டிக்குள் வர வேண்டும். இந்த ஒரு வேலைக்காகவே நான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பயன்களுக்கு வருகிறேன். கணவருக்கு இந்தப் பகுதியைக் காட்டுங்கள்.

முதலில் மருந்து. வயதானவர் இருக்கும் வீடுகளில் லாச்சிக்குள் கிடக்கும் மாத்திரைகள் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கவலை தருகின்றன. ஒரே மருந்து இரண்டு கம்பனிகளின் பெயரில், இரண்டு நிறத்தில் வீட்டில் இருக்கும். ஒன்று கிளினிக்கில் தந்தது, மற்றது வெளியே வாங்கியது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்கினால் பிரஷர் திடீரென்று இறங்கும், சீனியும் இறங்கும். மாமியின் கிளினிக் கொப்பியையும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் கொண்டுபோங்கள். மருந்தின் பொதுப்பெயரைப் பார்த்து இரட்டிப்பானதையும் காலாவதியானதையும் அவர் பிரித்துத் தருவார். இதை இந்த வாரமே செய்யுங்கள்.

அடுத்தது பல்கனி. 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு நோய் பதிவானது, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேல் மாகாணம்தான் அதிகம் பாதிக்கப்பட்டது. டெங்கு நுளம்பு சேற்றுக் குளத்தைத் தேடுவதில்லை. உங்கள் பழைய வாளியில் தேங்கிய ஒரு கிண்ணம் மழைநீர் அதற்குப் போதும். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டாலும் அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், தேவையில்லாத பாத்திரத்தை அகற்றிவிட வேண்டும். முட்டை நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் வரை எடுக்கும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம். பூச்சாடியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டு இரண்டையும் மறக்காதீர்கள். நுளம்பு பெருக இடம் வைத்திருப்பவர்கள்மேல் வழக்குத் தொடர 2007இன் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாடிப்படி ஏறி வருவதற்கு முன் அந்த வாளிகள் போகட்டும்.

கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் பூஞ்சணமும் தூசிப்பூச்சியும் பெருகும். வீட்டில் யாருக்காவது தொய்வு இருந்தால் அது இரவில்தான் தெரியும். அதோடு, மாமி இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும் பாதையை நீங்களே ஒருமுறை இருட்டில் நடந்து பாருங்கள். காலில் எது தட்டுகிறதோ அதுதான் முதலில் அகற்ற வேண்டிய பொருள். அந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் பழைய நடமாட்டம் பலருக்குத் திரும்புவதில்லை.

உங்கள் மனச்சோர்வையும் கணவர் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களில் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது “ஒரே குவியல்”, “முடியாத வேலை” என்ற பாங்கில் பேசிய பெண்களிடம், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கோர்ட்டிசோல் சுரப்பு, பகல் போகப் போக இயல்பாகக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. ஆண்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை. குவியல்தான் காரணம் என்று இந்த ஆய்வை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனாலும் ஒரே வீட்டில் உங்களுக்கு மூச்சு முட்டுவதும் அவருக்கு ஒன்றும் தோன்றாததும் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

காசும் மிச்சமாகும். எங்கே வைத்தோம் என்று தெரியாமல் இரண்டாவது முறை வாங்கிய கத்தரிக்கோல், டோர்ச் பற்றரி, பெருஞ்சீரகப் பக்கெட் எல்லாம் ஒழுங்குபடுத்தும்போது வரிசையாக வெளியே வரும். இதை விரிக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

எப்படிச் செய்வது? மகனின் மேசையை முதல் நாளே விடுவியுங்கள். அதன்மேல் இருப்பதைத் தற்காலிகமாக ஒரு பெட்டியில் போட்டு மூலையில் வையுங்கள், பிரிப்பது பிறகு. அவனுக்குக் காலம் காத்திருக்காது. அடுத்து உங்களுடைய சொந்தப் பொருட்களில் கை வையுங்கள். உங்கள் சேலைகள், உங்கள் கைப்பைகள். மாமியின் கண்முன்னே உங்களுடையதை முதலில் குறைத்தால்தான் அவரிடம் கேட்கும் உரிமை வரும். கூறைச்சேலையைக் கழிக்கச் சொல்லவில்லை. அதைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள், சரிகை மடிப்பில் உடையாது.

குசினியில் மாமிக்கு ஒரு தட்டை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். ஐஸ்கிறீம் பெட்டி, ஹோர்லிக்ஸ் போத்தல், எதுவானாலும் அந்தத் தட்டு நிரம்பும்வரை அவர் விருப்பம். நிரம்பிய பின் புதியது ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும், எது போவது என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். சுடச்சுடச் சோறும் கறியும் போட மட்டும் ஐஸ்கிறீம் பெட்டியை விடாதீர்கள். அது குளிர்ந்த உணவுக்காகச் செய்யப்பட்ட பிளாஸ்டிக்.

ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் பெட்டியிலிருந்து இனிப்புப் பொதி சுற்றி வந்த காகிதம் வரை எதையுமே பிரிய முடியாமல், கேட்டாலே நடுங்கி அழும் நிலை என்றால், அல்லது இந்தப் பழக்கம் அண்மையில்தான் திடீரென்று தொடங்கியது என்றால், மருத்துவரிடம் காட்டுங்கள். அளவுமீறிச் சேர்ப்பது தனியொரு நோயாக 2013 முதல் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. முதுமையில் மறதிநோயின் அறிகுறியாகவும் அது வரலாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் மாமிக்கு அப்படித் தோன்றவில்லை.

மைத்துனரின் சாமான்கள் உங்கள் பொறுப்பில்லை, உங்கள் கணவரின் பொறுப்பு. வெளிநாடு போனவர்களின் பெட்டிகளைச் சுமக்கும் வீடுகள் வெள்ளவத்தையில் ஏராளம். கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று இருபது வருடம் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். ஒரு மாலை வீடியோ அழைப்பில் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டட்டும். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளட்டும். அனுப்ப வேண்டியது, கொடுத்துவிட வேண்டியது, அடுத்த முறை வரும்வரை வைக்க வேண்டியது என்று அங்கேயே முடிவாகட்டும். வைக்க வேண்டியது ஒரு சூட்கேசுக்குள் அடங்க வேண்டும்.

வெளியே போகும் பொருட்கள் எங்கே போகின்றன என்பதையும் கவனியுங்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் வீடுகளிலிருந்து போன குப்பைதான் அங்கே மலையாக நின்றது. பழைய கைப்பேசி, பற்றரி, மின்குமிழ் எதையும் சாதாரணக் குப்பையோடு சேர்க்காமல், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். நல்ல உடுப்புகளைத் துவைத்து, மடித்து, தேவைப்படுகிறவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கிழிந்தது துடைக்கும் துணிக்கு.

அச்சிட்ட எதையும் இனிமேல் பிரித்துப் பார்க்காமல் பேப்பர்காரரிடம் போட வேண்டாம். பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், செத்தவீட்டுக் கல்வெட்டு எனப்படும் நினைவுப் புத்தகங்கள் எல்லாம் வேறெங்கும் கிடைக்காதவையாக இருக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த பிறகு நம்மிடம் எஞ்சிய தாள்களில் பாதி இப்படி வீடுகளுக்குள்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். இத்தகையவற்றை ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனம் 2005 முதல் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்து வருகிறது. கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூல்நிலையம் உங்கள் வெள்ளவத்தையிலேயே, 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. பட்டியல் ஒன்றை எழுதி இரண்டு இடங்களிலும் கேளுங்கள். பட்டியலை மாமி சொல்ல, நீங்கள் எழுதுங்கள்.