தர்மபுரியில் ஒரு சின்ன தனியார் கல்லூரியில் இதழியல் பி.ஏ. கிடைக்கிறது. வீட்டில் வெளியூர் அனுப்ப மாட்டார்கள். சேரலாமா?

ஃபீஸ் கட்டுப்படியாகும் என்றால் சேரலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நேரில் போய், "கேமராவைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

நானும் இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கல்லூரியில்தான் படித்தேன், பெயர் வேண்டாம். வகுப்பில் பதினோரு பேர். அதில் நாலு பேர் பி.காம். கிடைக்காமல் வந்தவர்கள். துறைக்கு ஒரே கேமரா. அது எச்.ஓ.டி. அறை பீரோவில், சாவி ஆபீஸில். கல்லூரி விழாவுக்கும் ஆய்வுக் குழு வரும்போதும் மட்டும் வெளியே வரும். மூன்றாம் ஆண்டில் என் கைக்கு வந்தபோது பேட்டரி உப்பியிருந்தது. பாடம் எடுத்தவர்களில் ஒருவர்கூடப் பத்திரிகையில் வேலை பார்த்தவர் இல்லை. நோட்ஸை மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும்.

தொழிலைக் கற்றுக்கொண்டது பாலக்கோடு தக்காளி மண்டியில். தெரிந்த பகுதிநேர நிருபர் அண்ணன் ஒருவர், விலை வீழ்ச்சி பற்றி எழுதி வரச் சொன்னார். மண்டிக்காரர் சொன்ன விலையைப் போட்டு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது யாருக்குக் கிடைச்ச விலைடா?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் திரும்பப் போனேன். காலிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்து நீட்டினார். கமிஷன், இறக்குக் கூலி எல்லாம் போகக் கடைசி வரியில் இருந்த தொகை வேறு. "பறிகூலிக்கே பத்தல கண்ணு" என்றார். அந்தக் கடைசி வரிதான் செய்தி. இதை எந்த செமஸ்டரிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

திங்கள்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் வாசலில் நில்லுங்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று மாவட்டமே மனுவோடு வரும். ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டாலும் நஷ்டமில்லை (அட்டெண்டன்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்!). அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவாவது நீங்களே எழுதிப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பட்டம் பற்றிக் கவலை வேண்டாம். இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை, பட்டத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். இன்னொன்று, நிருபராக இதழியல்தான் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஃபீஸ் அதிகம் என்றால் அரசுக் கல்லூரியில் தமிழோ பொருளாதாரமோ படித்துவிட்டு, பிறகு சென்னையில் ஓராண்டு இதழியல் டிப்ளமோ செய்யலாம். அதற்குள் வீட்டிலும் மனது மாறியிருக்கும்.

எங்கள் பதினோரு பேரில் இன்று பத்திரிகையில் இருப்பது நானும் இன்னொரு பெண்ணும்தான். அவள் ஓசூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு. நான் தமிழில் கேட்டால் "ஆமாங்க, இல்லைங்க" என்று முடித்துக்கொள்பவர்கள், அவளை உட்கார வைத்து டீ கொடுத்துப் பேசுகிறார்கள். உங்கள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.