ஞாயிற்றுக்கிழமை இருக்கும் விசுவாசம் திங்கட்கிழமை காணாமல் போகிறது. வாரம் முழுவதும் உண்மையான கிறிஸ்தவனாக வாழ்வது எப்படி?

ஆராதனை முடிந்து வரும்போது இருக்கும் மனநிலை மறுநாள் ஆபீசில் இல்லை, இன்னும் எவ்வளவு நேரம் ஜெபித்தால் இது சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வயது எனக்குத் தெரியாது. ஊரை விட்டு வந்து புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளை கேட்கிற மாதிரி இருக்கிறது, அதனால் தம்பி என்றே சொல்கிறேன்.

ஜெப நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நானும் நம்பியவன்தான் தம்பி. காலை 5 மணிக்கு எழுந்து வேதம் வாசிப்பேன், ராத்திரி குடும்ப ஜெபம் தவறாது, லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வெள்ளிக்கிழமை உபவாசம், சபையில் கமிட்டி மெம்பர், மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் நிருபவாக்கியம், அதாவது அப்போஸ்தலர் எழுதின நிருபங்களிலிருந்து ஒரு பகுதி, வாசிப்பதும் நான்தான். இத்தனையும் செய்துகொண்டே 6 வருஷம் பொய் வியாபாரம் பண்ணினேன். அதை வெளியே சொல்ல இவ்வளவு நாள் ஆனது.

எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிப் பக்கம். அப்பா காலத்திலிருந்து கருப்பட்டி வியாபாரம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பதநீர் வேண்டும். பனையேறி கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டி, காலையும் மாலையும் ஏறி இறங்கி, அந்தப் பதநீரை விடிலியில் (காய்ச்சுகிற ஓலைக் குடிசை) வீட்டுப் பெண்கள் புகைக்குள் நின்று காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பது. சீனி விலையோ கருப்பட்டி விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. காய்ச்சும்போதே சீனியைக் கலந்துவிட்டால் சரக்கு பெருகும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். நல்ல கருப்பட்டியில் லேசான கரிப்பு இருக்கும், பழகின நாக்குக்குத்தான் அது தெரியும். நான் கலக்கவில்லை. கலந்ததை வாங்கி நல்லது என்று சொல்லி விற்றேன். "நான் கலக்கவில்லையே" என்பதை வைத்துத்தான் அத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கினேன்.

2016இல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்தார். இந்துக் குடும்பம். பேத்தி வயசுக்கு வந்திருக்கிறாள், உளுந்தங்களி கிண்ட வேண்டும், 5 கிலோ நல்லதாகப் போடுங்கள் என்றார். அப்புறம் சொன்னார்: "எங்க ஊர்லயும் கிடைக்கு தம்பி. வேதக்காரங்க கடைன்னா ஏமாத்த மாட்டாங்கன்னு வீட்டுல சொன்னா, அதான் பஸ் ஏறி வந்தேன்." நான் சிரித்துக்கொண்டே கலப்புச் சரக்கை நிறுத்து, நல்ல சரக்கின் விலையை வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

மறுநாள் கோவிலில், செய்யத்தகாததைச் செய்தோம் என்று சபையாக எல்லாரும் பாவ அறிக்கை சொல்வோமே, சின்ன வயதிலிருந்து மனப்பாடம், அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. அந்த மஞ்சள் பைதான் கண்ணில் நின்றது. நான் இருந்தது முன் வரிசை. கடைசி வரிசையில் எனக்குச் சரக்குப் போடுகிற பனையேறி ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவர் கலப்பில்லாமல் காய்ச்சுகிறவர். மார்க்கெட்டில் சரக்கு மலிந்து கிடக்கிறது என்று கலப்புச் சரக்கின் விலையைக் காட்டித்தான் அவர் வயிற்றிலும் அடித்துக்கொண்டிருந்தேன். போதாததற்கு முன்பணம். பதநீர் இறங்காத மாதங்களில் அவர்கள் சாப்பாட்டுக்குக் கடன் கொடுப்போம், சீசனில் நாங்கள் சொல்கிற விலைக்கே சரக்கு தர வேண்டும். இது ஊர் வழக்கம், எல்லாரும் செய்கிறார்கள், ஒருத்தரும் கேட்பதில்லை. ஆராதனை முடிந்து இரண்டு பேரும் கைகொடுத்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டோம்.

வேதத்தில் வருகிற வரி வசூலிக்கும் சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திரும்பத் தருகிறேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் 20 கிலோ நல்ல கருப்பட்டியை வண்டியில் வைத்து அந்தக் கிராமத்துக்குப் போய் விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். திண்ணையில் வைத்தே விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. 5 கிலோவை மட்டும் எடுத்துக்கொண்டு, "எனக்கு வரவேண்டியது அஞ்சுதான்" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வந்ததே இல்லை. இதைச் சாட்சி என்று மேடையில் சொல்லச் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. அவர் மன்னித்தாரா இல்லையா என்று எனக்கே தெரியாது, அதை எப்படி வெற்றி மாதிரி சொல்வது?

கடையில் இரண்டு சாக்கையும் தனித்தனியாக வைத்து "கலப்பில்லாதது", "சீனி கலந்தது" என்று எழுதி மாட்டினேன். மொத்த வியாபாரம் பாதிக்குக் கீழே போனது. மற்ற வியாபாரிகளுக்குக் கோபம், நீ யோக்கியன் என்றால் நாங்கள் என்ன திருடர்களா என்று. என் மனைவி, "பிள்ளை காலேஜ் பீஸைக் கட்டிட்டு நீதிமான் ஆகியிருக்கலாம்ல" என்று அழுதாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அந்த வருஷம் நிஜமாகவே கஷ்டப்பட்டோம். கலந்த சரக்கை அடியோடு நிறுத்த எனக்கு மேலும் 2 வருஷம் ஆனது.

இதை எழுதும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வியாபாரம் குறைந்ததும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு (சபையின் வருடாந்தர நன்றிப் பண்டிகை) நான் போடுகிற காணிக்கையும் குறைந்தது. காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடும்போது பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் எடுத்த ஆள் அந்த வருஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்ன ஆயிற்று, விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டாரா என்று கமிட்டியில் பேச்சு. பணம் கொட்டியபோது அது எங்கிருந்து வருகிறது என்று அந்த 6 வருஷத்தில் ஒரு ஆள் கேட்கவில்லை. சபைத் தேர்தல் வந்தால் வேன் வைத்து ஆள் கூட்டி வருகிற பணத்தையும் யாரும் கேட்பதில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும். ஆனால் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமையைப் பற்றி ஒருத்தரும் சொல்லித்தராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கிரியையினால், அதாவது நற்செயலால், இரட்சிப்பு என்று போதிக்கிறான் என்று இங்கே யாராவது எழுதுவீர்கள். இல்லை ஐயா. கிருபையினால்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஜெபம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இன்றும் 5 மணிக்குத்தான் எழுந்திருக்கிறேன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகளில் இருப்பதை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! தராசு என் கையில்தான் இருந்தது.

எங்கள் ஆச்சி அதிகம் படித்தவள் இல்லை. தினமும் உலையில் போட அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை அள்ளித் தனிப் பானையில் போடுவாள், கைப்பிடி அரிசிக் காணிக்கை. திருநெல்வேலிச் சீமையில் இந்தப் பழக்கம் தெரியாத சபைக் குடும்பம் குறைவு. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்களே, அந்த மாதிரி ஊழியங்கள் இப்படிச் சேர்ந்த காணிக்கையாலும் வளர்ந்தன. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது. பக்தியை அவள் அடுப்படியில்தான் வைத்திருந்தாள். எனக்கு அது கல்லாப்பெட்டியில் இருந்திருக்க வேண்டும்.

அதனால் தம்பி, உங்கள் ஆபீசில் எந்த இடத்தில் உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். செய்யாத வேலைக்கு மணிக்கணக்கு எழுதுகிறீர்களா, போகாத பயணத்துக்கு பில் வைக்கிறீர்களா, உங்களுக்குக் கீழே இருப்பவர் செய்ததை உங்கள் பேரில் காட்டுகிறீர்களா, எனக்குத் தெரியாது. நீங்கள் உணர்வு போய்விட்டது என்று சொல்கிறீர்களே, அந்தச் சங்கடம் இருக்கிற இடத்தில்தான் அது போயிருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷம், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

நானும் முழுதாகச் சரியாகவில்லை. பங்குனியில் பதநீர் இறங்க ஆரம்பித்துவிடும். விலையைக் கட்டிப்போடாமல் முன்பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் கடை தாங்குமா என்று நானும் மனைவியும் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.