பி.பி. மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்குச் சொல்கிறதே?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 76. இரண்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. டிஸ்சார்ஜ் செய்தபோது பி.பி., காய்ச்சல், ஆக்சிஜன் எல்லாம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எப்படி என்று சொல்லவில்லை. கட்டிலின் வலப்பக்கம் சுவர் என்பதால் இடது கையில்தான் பட்டையைச் சுற்றுகிறேன். ஒரு தடவை 158, ஐந்து நிமிடம் கழித்து 141. பயத்தில் நாளுக்குப் பத்துத் தடவைகூடப் பார்க்கிறேன். ஒரு நாள் 160க்கு மேல் போனதும் பி.பி. மாத்திரை பாதி கூடுதலாகக் கொடுத்துவிட்டேன். மெஷின்தான் கோளாறு என்கிறார் கணவர். எதை நம்புவது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தப் பாதி மாத்திரை. இனி அதைச் செய்யாதீர்கள். இந்த வயதில் பி.பி. சட்டென்று இறங்கினால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்துவிடுவார். பக்கவாதம் வந்த மூளைக்குப் போகிற ரத்தமும் குறையலாம். மாத்திரை அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

மெஷின் மேல் எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்லை. ரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற விஷயம். இருமினால் ஏறும், பேசினால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். 158, 141 இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பத்துத் தடவை பார்த்தால் பத்து எண் வரத்தான் செய்யும். அதோடு, நீங்கள் பதறுவதைப் பார்த்து அவரும் பதறுவார் இல்லையா?

கையை மாற்றுங்கள். பக்கவாதம் தாக்கிய கையில் தசை இறுகியோ தளர்ந்தோ இருப்பதால் அளவு முன்பின் ஆகலாம். நல்ல கையில்தான் பார்க்க வேண்டும். கணவரைக் கூப்பிட்டுக் கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டடி நகர்த்தச் சொல்லுங்கள். புது மெஷின் வாங்குவதைவிட அது மலிவு.

உட்கார முடியுமென்றால் முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கால் தரையில் பதிய உட்கார வையுங்கள். ஐந்து நிமிடம் டி.வி., பேச்சு எதுவும் வேண்டாம். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்கட்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, வெறும் கையில் சுற்றி, கைக்கடியில் தலையணை வைத்து நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்துங்கள். கை தொங்கினால் எண் கூடும். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தாலும் கூடும். காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன், மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பார்த்தால் போதும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்து எண்களின் சராசரிதான் டாக்டருக்கு வேண்டும். வீட்டில் பார்க்கும்போது அது 135/85ஐத் தாண்டினால் அதிகம் என்பது பொதுக் கணக்கு.

துடிப்பு சீராக இல்லை என்று காட்டும் குறி மெஷினில் அடிக்கடி வந்தால் அதையும் எழுதிவையுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக உங்கள் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 60க்கும் 100க்கும் நடுவில் இருக்க வேண்டும். துடிப்பு தாறுமாறாகத் தட்டினால் டாக்டரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். சீரற்ற இதயத் துடிப்பு பக்கவாதத்துக்கே ஒரு காரணம். அது இருந்தால் பி.பி. மெஷினும் தடுமாறும்.

நீங்கள் எழுதாமல் விட்டது மூச்சு. அதற்கு மெஷின் வேண்டாம், அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிச் சார்ட்டுகளிலேயே எண்ணாமல் 20 என்று எழுதிவைப்பது உண்டு! ஆனால் உடம்பு கெடத் தொடங்கும்போது பல சமயம் முதலில் மாறுவது மூச்சுதான். எண்ணப்போகிறேன் என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்த்து முடித்ததும் கையை விடாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சரி. சும்மா படுத்திருக்கும்போதே 25ஐத் தொட்டால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமமாகி, கஞ்சியும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். வயதானவர்களுக்கு அப்போது காய்ச்சலே தெரியாமல் போகலாம். மூச்சு வேகமாவதும், பேச்சு குழம்புவதும், எப்போதும் இல்லாத தூக்கமும்தான் அடையாளம். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறதா என்று கவனியுங்கள்.

காய்ச்சலுக்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகக் காட்டும். எங்கே வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஆக்சிஜன் மீட்டரையும் நல்ல கையில், சூடான விரலில் போடுங்கள். நகப்பூச்சு எண்ணைக் கெடுக்கலாம். எண் ஓர் இடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். அதில் இரண்டு எண் வரும். நாடித் துடிப்பு 72 என்பதை ஆக்சிஜன் 72 என்று படித்து அலறுகிறவர்கள் நிறைய. ஆக்சிஜன் 95க்கு மேல் என்றால் நிம்மதி. திரும்பத் திரும்ப 92, அதற்கும் கீழே என்றால் ஆஸ்பத்திரி. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு.

பி.பி. 180/120ஐத் தாண்டினால், ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கூடவே நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108. வாய் கோணினாலோ, பேச்சு குளறினாலோ, புதிதாகக் கை கால் விழுந்தாலோ மெஷினைத் தேடவே வேண்டாம், நேராக 108தான். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் எல்லோருக்கும் போட முடியாது.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நோட்டோடு மெஷினையும் எடுத்துப்போய், அவர் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கணவரின் சந்தேகமும் தீரும். அப்புறம் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இவருக்கு எந்த எண் வரை பரவாயில்லை? எந்த எண் வந்தால் உங்களைக் கூப்பிட வேண்டும்? பதிலை நோட்டு அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு யார் பார்த்தாலும் தெரியட்டும்.