மாமன் சொல்லும் கல்லூரியும் பேட்டை ஐடிஐயும்

முக்கூடலிலிருந்து வந்திருந்த அந்தத் தாய், மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை நீட்டி, "எப்படியாவது இன்ஜினியர் ஆக்கிவிட வேண்டும் ஐயா" என்றார். கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றி வரும் கூலியில்தான் மகளும், எட்டாம் வகுப்பு படிக்கும் மகனும் வளர்கிறார்கள். தகப்பன் இல்லாத வீட்டில் தாய்மாமன் சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாம், வங்கிக் கடன் இருக்கிறது என்கிறார் அவர்.

தேறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கல்விக் கடனில் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போடப்போவது தாய், மாமன் அல்ல. படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும்போது, தம்பியும் கல்லூரியில் கட்டணம் கட்ட நிற்பான். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அதையும் இழக்க வேண்டும்.

அதுவரை பேசாமலிருந்த பெண்ணிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் தன்னிடம்தான் வரும் என்றாள். தீப்பொறி தெறித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்று சொல்லும்போதே, அவள் விரல்கள் மேசைமேல் திருகாணியைக் கழற்றுவதுபோல் அசைந்தன.

திருநெல்வேலி பேட்டையிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) இவளை எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்க்கச் சொன்னேன். இரண்டு ஆண்டுப் படிப்பு; வயரிங், எர்த்திங், மோட்டார் வைண்டிங் என்று பெரும்பகுதி பணிமனையிலேயே நடக்கும். பயிற்சிக் கட்டணம் கிடையாது. சைக்கிள், சீருடை, பாடநூல்களோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்பதால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் பெறலாம். பிறகு ஊதியத்தோடு அப்ரண்டிஸ் பயிற்சி. பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகளும், கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரியத்தகடு தொழிற்சாலையும் இருக்கின்றன. விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு, அதன்பின் பொறியியலிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம்.

பெண்பிள்ளை கம்பி முறுக்கவா என்று உறவினர்கள் கேட்பார்கள். பத்து வயதிலிருந்து தாயோடு உட்கார்ந்து பீடிக்குத் தலை மடக்கிய கைகள் அவை. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அம்மா, கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். முதலில் மகளோடு பேட்டைக்குப் போய் அந்தப் பணிமனையைப் பாருங்கள். உங்கள் அண்ணனையும் கூட்டிச் செல்லுங்கள்.