உபதேசியார் மகன் பதில்கள்

இந்த முறை வந்த தபாலில் நான்கு கடிதங்கள் ஒரே துக்க வீட்டிலிருந்து எழுதியவை போல இருந்தன. ஊர் வேறு, ஆள் வேறு, விஷயம் ஒன்றுதான். அதனால் கோவில்பட்டி வாசகரின் மாங்கன்று கேள்வி அடுத்த இதழுக்குப் போகிறது. கோபிக்க வேண்டாம்.

கேள்வி: பிரசங்கியார் ஒருவர் இறந்தால் 'காலமானார்' என்று போடலாமா, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றுதான் போட வேண்டுமா?
(வாசகர், சாயர்புரம்)

பதில்: இரண்டும் சரி. பேப்பர் விளம்பரத்துக்குக் 'காலமானார்' போதும், அங்கே வரிக்கு வரி காசு. சபைக்கு அடிக்கிற நோட்டீஸில் 'நித்திரையடைந்தார்' என்றே போடுங்கள். எழும்புவார் என்கிற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் மட்டும் அப்படிச் சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டுச் சாவு ஒன்றில் சொல்லப்போய், என் பேத்தி பத்து நாள் ராத்திரி கண்ணை மூடப் பயந்தாள். செத்துப்போனார் என்று சொன்ன பிறகுதான் தூங்கினாள்.

கேள்வி: எங்கள் ஊரில் 40 வருடம் சம்பளமில்லாமல் பிரசங்கம் செய்த பெரியவர் போன மாதம் இறந்துவிட்டார். நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்கு நாலு பக்கத்தில் ஒரு மலர் போடுகிறோம். எழுதும் பொறுப்பு என் தலையில். 'அயராத உழைப்பாளி, ஜெப வீரர், அன்பின் சிகரம்' என்று எழுதியாயிற்று. அதற்கு மேல் பேனா நகரவில்லை. அவருக்குக் கொஞ்சம் கடன் இருந்தது. சபையில் ஒரு பெரிய சண்டையும் போட்டிருக்கிறார். அதையெல்லாம் எழுதலாமா?
(வாசகி, நாசரேத் பக்கம்)

பதில்: முதலில் அந்த மூன்றையும் அடித்துவிடுங்கள் அம்மா.

என் அய்யா செம்மணல் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாமல் சபையை நடத்துகிற ஊழியர். அவர் இறந்தபோது நானும் ஒரு மலர் போட்டேன். மூத்த மகன், போதாததற்குத் தமிழ் வாத்தியார், விடுவேனா? 'விசுவாச வீரர்' இரண்டு இடத்தில், 'ஒளிவிளக்கு' மூன்று இடத்தில். அச்சகத்தில் பிறந்த வருஷத்தை மாற்றி அடித்துவிட்டார்கள், அய்யா தன் தம்பிக்கே இளையவராகிவிட்டார். வாசித்தவர்கள் எல்லாரும் கவனித்தது அந்த ஒரு பிழையைத்தான். இப்போது அதை எடுத்துப் பார்த்தால் யாருடைய மலர் என்றே தெரியவில்லை. படத்தை மட்டும் மாற்றினால் பக்கத்து ஊர் உபதேசியாருக்கும் அப்படியே பொருந்தும்.

அதில் எழுதாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன். தேரி மணலில் சைக்கிள் ஓடாது. அய்யா மிதித்த தூரம் பாதி, தள்ளிய தூரம் பாதி. பதநீர் சீசனில் சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு மணிக்கணக்கு கிடையாது, பனையேறிகள் இறங்கிக் குளித்துவிட்டு வந்தால்தான் கூட்டம். அதுவரை அய்யா, கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையான விடிலியின் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு அடுப்பில் மட்டை தள்ளிக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஜெபிக்க எழும்பும்போது ஜிப்பா முழுக்கப் புகை வாடை. பிரசங்கக் குறிப்புகளை எங்கள் பழைய பள்ளிக்கூட நோட்டுகளில்தான் எழுதுவார். தாளின் ஒரு பக்கம் என் வகுத்தல் கணக்கு, மறுபக்கம் பைபிளின் யோபு.

அப்புறம் இன்னொன்று. அய்யாவை அடக்கம் செய்து எட்டு வருஷம் கழித்து, அந்த ஊரில் ஒரு கலியாண வீட்டில், கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த கிழவி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, உங்க அய்யா சீக்காளி வீட்டுக்கு வந்தா தொண்ணூத்தியோராம் சங்கீதந்தான் வாசிப்பாவ. ஆனா பத்தாம் வசனத்த மட்டும் வாசிக்க மாட்டாவ. ஒம்பதுல இருந்து பதினொண்ணுக்குத் தாண்டிருவாவ. எனக்கு அந்தச் சங்கீதம் மனப்பாடம்லா, கவனிச்சுட்டே இருப்பேன்" என்றாள்.

பைபிளின் அந்தச் சங்கீதத்தில் 'வாதை உன் கூடாரத்தை அணுகாது' என்பது பத்தாம் வசனத்தில்தான் வருகிறது. என் தங்கை மூன்று வயதில் காய்ச்சலில் போனவள். அதிலிருந்துதான் தாண்டியிருக்கிறார். ஒரே கூரைக்குள் இருந்த எனக்குத் தெரியவில்லை, கிழவிக்குத் தெரிந்திருக்கிறது. "பொறவு எம் பேரனுக்கு அம்மை போட்டிருந்தப்ப வந்தாவ. அன்னைக்கு அதையும் வாசிச்சாவ. வாசிச்சுட்டு, மூஞ்சியத் துண்டால மூடிக்கிட்டு ரொம்ப நேரம் திண்ணையிலயே இருந்தாவ."

அய்யாவின் விசுவாசம் என்று எதையாவது எழுதுவதானால் அந்தத் திண்ணையைத்தான் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியது ஒளிவிளக்கு.

ஆகவே ஒரு வாரம் எழுத உட்காராதீர்கள், ஊருக்குள் நடங்கள். பெண்டாட்டி பிள்ளைகளிடம் கடைசியாகப் போகலாம். முதலில் கோவில் மணி அடிக்கிறவர், டீக்கடைக்காரர், அவர் அடிக்கடி எட்டிப்பார்த்த விதவை வீடு. நல்லவரா என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எந்தப் பாட்டை அடிக்கடி பாடச் சொல்வார், பிரசங்கம் நீண்டால் யார் இருமுவார்கள் என்று கேளுங்கள். அவருடைய பைபிளை வாங்கிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் விரல் அழுக்கு ஏறியிருக்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.

சண்டையை எழுதுங்கள், இரண்டு வரியில். இரேனியஸ் ஐயரைவிடப் பெரிய பிரசங்கியார் நம் சீமையில் யார்? 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி. நாம் ஊசிக்கோபுரம் என்கிற கதீட்ரல் 1826-ல் அவர் காலத்தில் பிரதிஷ்டையானது. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்ததற்காக ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830-ல் தரும சங்கம் ஏற்படுத்தினார். அவரே தம்மை அனுப்பிய மிஷன் சங்கத்தோடு மல்லுக்கு நின்றவரும்கூட. உபதேசியார்களுக்கு யார் எந்த முறையில் குருப்பட்டம் கொடுப்பது என்று தொடங்கிய தகராறு முற்றி, 1835-ல் உறவு அறுந்தது. பிறகும் பாளையங்கோட்டைக்கே வந்து தனியாக ஊழியம் செய்தார். 1838 ஜூன் 5-ல் இறக்கும்போது வயது 47. இத்தனையும் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. அவர் பெயர் சொல்லும்போது நம் ஆட்கள் குரலில் இருக்கிற மரியாதை குறைந்தா போய்விட்டது? உங்கள் பெரியவரும் எதற்காகச் சண்டை போட்டார் என்று விசாரியுங்கள். எதிரே நின்றவர் உயிரோடு இருந்தால் அவரையும் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் அவர்தான் மற்றவர்களைவிட நன்றாகச் சொல்வார்.

கடனை எழுத வேண்டாம். அது வீட்டுக்காரர்கள் பாடு. கடன் கொடுத்தவரும் ஆராதனைக்கு வந்து முன் பெஞ்சில்தான் உட்காருவார்.

கேள்வி: அப்பா பிரசங்கியாராக இருந்தவர். அண்ணன்மார் வெளிநாட்டில். கருப்பு கிரானைட்டில், மேலே பைபிள் திறந்திருப்பது போல, பெரிய கல்லறை கட்ட வேண்டும் என்கிறார்கள். அப்பா எளிமையானவர். எனக்கு மனசு ஒப்பவில்லை.
(வாசகர், திசையன்விளை)

பதில்: டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951 ஜனவரி 18-ல் இறந்தார். 1895-ல் இந்தியா வந்தவர், ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. தனக்குக் கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அண்ணன்மாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் கல்லறைக்காகக் கூடப்பிறந்தவர்களோடு பிணங்காதீர்கள், கட்டட்டும். பெயர், இரண்டு தேதி, ஒரு வசனம், அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். தேதியை மட்டும் நீங்களே நின்று சரிபாருங்கள். நோட்டீஸில் பிழை விழுந்தால் பேனாவால் திருத்தலாம், கிரானைட்டில் முடியாது.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். இறந்துபோன ஒரு பிரசங்கியாரும் என் அப்பாவும் 30 வருடச் சந்தைச் சிநேகிதர்கள், ஒரே வெற்றிலைப் பையில் கைவிட்டவர்கள். அப்பா இப்போது இல்லை. பிரசங்கியாருடைய நினைவு ஆராதனைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் என்ன செய்ய வேண்டும்? மாலை கொண்டுபோகலாமா?
(வாசகர், சாத்தான்குளம்)

பதில்: தாராளமாகப் போங்கள். மாலையைக் கோவிலுக்குள் கொண்டுபோவது சில சபைகளில் பிடிக்காது. வீட்டுக்குப் போய் மகன் கையில் கொடுத்துவிடுங்கள், படத்துக்குப் போடுவதா வேண்டாமா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். செருப்பை வாசலில் மற்றச் செருப்புகளோடு விடுங்கள். எல்லாரும் எழும்பும்போது எழும்புங்கள். அவர்கள் முழங்கால் போடும்போது நீங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால் போதும். நற்கருணை, அதாவது அப்பமும் திராட்சரசமும் கொடுப்பது, உண்டென்றால் இடத்திலேயே இருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காணிக்கைப் பை வந்தால் உங்கள் விருப்பம்.

கடைசியில், யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்பார்கள். எழுந்து அந்த வெற்றிலைப் பையைச் சொல்லுங்கள். பிரசங்கியார் வெற்றிலை போடுவார் என்பதே சபையில் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ளட்டும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள்.