நெய்யும் தேங்காய் எண்ணெயும் உடம்புக் கொழுப்பைக் கரைக்குமா? எலி ஆய்வுகளில் உண்மையில் என்ன நடந்தது?

நெய்யில் சிஎல்ஏ என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது, தேங்காய் எண்ணெயில் எம்சிடி என்ற கொழுப்பு இருக்கிறது, இரண்டும் எலிகளின் கொழுப்பைக் குறைத்ததாக ஆய்வே இருக்கிறது, அப்படியானால் நாமும் சாப்பிட்டு இளைக்கலாமா என்பதுதானே கேள்வி. அந்த ஆய்வுகள் நிஜம்தான். ஆனால் அவற்றிலிருந்து நெய்க்கு வருவதற்குள் பாதி விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். கால்நடைத் தீவனம் பற்றிப் படித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிஎல்ஏ என்பது கான்ஜுகேட்டட் லினோலிக் அமிலம். ஆடு மாடுகளின் பாலிலும் இறைச்சியிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரீசா குழு, பொரித்த மாட்டிறைச்சியில் புற்றுநோயைத் தடுக்கும் பொருள் எது என்று தேடிப்போய் 1987இல் இதை அடையாளம் கண்டது. பத்து வருடம் கழித்து, 1997இல், அதே பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளின் தீவனத்தில் வெறும் 0.5 சதவீதம் சிஎல்ஏ கலந்து கொடுத்தார்கள். சாதாரணத் தீவனம் தின்ற எலிகளைவிட இவற்றின் உடம்பில் 60 சதவீதம் அளவுக்குக் கொழுப்பு குறைவாக இருந்தது. சிஎல்ஏ மாத்திரை வியாபாரம் பெருகியதற்கு இந்த எண் முக்கியமான காரணம்.

சரி, அந்தக் கொழுப்பு எங்கே போனது? இதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1 சதவீதம் சிஎல்ஏ கொடுத்த சுண்டெலிகளைப் பார்த்தபோது கொழுப்புத் திசு கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது, கொழுப்பு செல்களே செத்துக்கொண்டிருந்தன, ஆனால் கல்லீரல் கொழுப்பேறிப் பல மடங்கு வீங்கியிருந்தது, ரத்தத்தில் இன்சுலினும் ஏறியிருந்தது. கொழுப்பைப் பத்திரமாக வைக்க வேண்டிய இடத்தை அழித்துவிட்டால் அது ஈரலில்தான் போய்ச் சேரும். தராசில் பார்த்தால் எலி இளைத்திருக்கும், உள்ளே நோயாளி ஆகியிருக்கும்.

இன்னொன்று, சிஎல்ஏ ஒரே பொருள் அல்ல. கொழுப்பைக் குறைக்கும் வகைக்கு டிரான்ஸ்-10, சிஸ்-12 என்று பெயர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதை நாளுக்கு 10 கிராம் மட்டும் மாட்டின் நான்காவது இரைப்பைக்குள் நேரடியாகச் செலுத்தியதில் பாலின் கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதே அளவில் சிஸ்-9, டிரான்ஸ்-11 என்ற வகையைச் செலுத்தியபோது பால் கொழுப்பு குறையவில்லை. பாலிலும் நெய்யிலும் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அளவையும் பாருங்கள், பால் கொழுப்பில் சிஎல்ஏ ஏறக்குறைய 0.5 முதல் 1 சதவீதம்தான், மனிதர்களுக்கான ஆய்வுகளில் கொடுத்ததைப் போல நாளுக்கு 3 கிராம் வேண்டுமென்றால் 300 கிராமுக்கு மேல் நெய் குடிக்க வேண்டும். நெய் பிடித்தால் அளவாகச் சாப்பிடுங்கள், இளைப்பதற்காகச் சாப்பிடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் கதை கொஞ்சம் வேறு. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அதாவது எம்சிடி, குடலிலிருந்து நேராக ஈரலுக்குப் போய் சீக்கிரம் எரிந்துவிடும், சேமிப்புக்குப் போவது குறைவு. 1983இல் வந்த ஓர் ஆய்வில், அளவுக்கு மீறி ஊட்டப்பட்ட எலிகளில் எம்சிடி பெற்றவை, சாதாரண எண்ணெய்களில் இருக்கும் நீண்ட சங்கிலிக் கொழுப்பு பெற்றவற்றைவிட 20 சதவீதம் குறைவாக எடை ஏறின. குறைவாக ஏறின, அவ்வளவுதான், இளைக்கவில்லை. அப்புறம் அந்த ஆய்வில் கொடுத்த எம்சிடி எண்ணெய் 8 கார்பன், 10 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்களால் தனியாகத் தயாரித்தது. தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்து 15 சதவீதம் போலத்தான் வரும். கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம், அதில் பெரும்பகுதி நேராக ஈரலுக்குப் போகாமல், மற்ற எண்ணெய்களைப் போலவே நிணநீர் வழியாகத்தான் போகிறது.

கொழுப்பின் வகை முக்கியமே இல்லையா என்றால், கண்டிப்பாக முக்கியம். கறிக்கோழித் தீவனத்தில் மாட்டுக் கொழுப்புக்குப் பதில் அதே அளவு சூரியகாந்தி எண்ணெயோ ஆளி விதை எண்ணெயோ சேர்த்தால் அடிவயிற்றுக் கொழுப்பு குறைகிறது. மீன் எண்ணெய் தின்ற எலிகளிலும் கொழுப்பு செல்கள் அவ்வளவாகப் பெருப்பதில்லை, ஏனென்றால் ஒமேகா-3 ஈரலில் கொழுப்பை எரிக்கும் மரபணுக்களைத் தூண்டி, புதிதாகக் கொழுப்பு உண்டாக்கும் மரபணுக்களை அடக்குகிறது. ஆனால் இவையும் பெரும்பாலும் வளர்கிற அல்லது கொழுக்கிற விலங்குகள், முன்பே சேர்ந்த தொப்பையைக் கரைத்த விலங்குகள் அல்ல. அதனால் யாராவது ஆய்வைக் காட்டினால் எடை குறைந்ததா, குறைவாக ஏறியதா, ஈரலைப் பார்த்தார்களா, எந்த விலங்கு என்று கேளுங்கள். சிஎல்ஏவின் விளைவு சுண்டெலியில்தான் மிக அதிகமாகத் தெரிகிறது.

மனிதர்களில்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் பார்த்தபோது, நாளுக்கு 3.2 கிராம் சிஎல்ஏ எடுத்தவர்களுக்கு, போலி மாத்திரை எடுத்தவர்களைவிட வாரத்துக்கு 90 கிராம் கொழுப்பு கூடுதலாகக் குறைந்திருந்தது, அதுவும் போகப் போக நின்றுவிடுகிறது. ஸ்வீடனில் 2002இல் தொப்பை உள்ள ஆண்களுக்கு அந்த டிரான்ஸ்-10 வகையைத் தனியாகக் கொடுத்தபோது இன்சுலின் வேலை செய்யும் திறன் மோசமானது. சர்க்கரையோ கொழுப்பு ஈரலோ உள்ளவர்கள் ஜிம்மில் யாராவது சொன்னார்கள் என்று இந்த மாத்திரையைத் தொட வேண்டாம், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் சொல்லி, சர்க்கரையும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.