எச்.ஐ.வி. இருந்தால் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகக் கூடாதா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். போன வருடம் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் எடுக்கிறேன். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. எப்படியோ விஷயம் துறைத் தலைவருக்குத் தெரிந்துபோய், பிரசவ வார்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். அந்த போஸ்டிங் முடியாமல் பயிற்சிச் சான்றிதழ் கிடைக்காது. பி.ஜி.யில் சர்ஜரி எடுக்கவும் ஆசை. சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் வாய்மொழி உத்தரவை எதிர்த்து வழக்கு நடத்துவது பெரிய தலைவலி. நாளைக்கே "நான் அப்படிச் சொல்லவே இல்லை, அவர்தான் வரவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் முதல் வேலை, அதை எழுத்தில் வரவழைப்பது. "இன்ன தேதியிலிருந்து இந்த போஸ்டிங்குகளுக்கு வர வேண்டாம் என்று சொன்னீர்கள், காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்" என்று டீனுக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். கடிதத்தில் நோயின் பெயரை எழுதாதீர்கள். அலுவலகத்தில் ஒரு தாள் எத்தனை கை மாறும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி சட்டத்துக்கு வருவோம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பரில். அதன் 3-வது பிரிவு வேலையிலும் கல்வியிலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்ற வித்தியாசம் இல்லை. பரிசோதனை செய்துகொண்டால்தான் அட்மிஷன், வேலை என்று நிபந்தனை போடுவதும் அதே பிரிவில் தடுக்கப்பட்டிருக்கிறது. பி.ஜி. சேரும்போது இது உங்களுக்கு உதவும். ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்கே, அவரால் பிறருக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருக்கிறது அல்லது அவர் வேலைக்குத் தகுதியற்றவர் என்று தகுதியுள்ள, சார்பற்ற மருத்துவர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு வேண்டும். துறைத் தலைவரின் பயம் மதிப்பீடு ஆகாது.

"நோயாளிக்குத் தொற்றினால் யார் பொறுப்பு?" என்று கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், மழுப்ப வேண்டாம். வைரஸ் அளவு பற்றிய உங்கள் ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்திருங்கள். பிரிட்டனில் 2014 முதல், சிகிச்சையில் இருக்கும் மருத்துவர்கள் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிரதிகளுக்குக் கீழே இருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் செய்துகொண்டால் அறுவை சிகிச்சை செய்யலாம். நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நல்ல வாதம். தொற்று பரவாமல் நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்கும் கடமை உங்களுக்கும் இதே சட்டத்தில் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

விஷயம் எப்படி வெளியே போனது என்பது தனிக் குற்றச்சாட்டு. நம்பிக்கையின் பேரில் அறிந்த எச்.ஐ.வி. நிலையை, எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 8-வது பிரிவு தடுக்கிறது. சரி, அதை இப்போதே கிளற வேண்டுமா? என்னைக் கேட்டால், முதலில் போஸ்டிங்கை மீட்டுக்கொள்ளுங்கள்.

இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் மருத்துவ நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். மனுவை அவரிடம் கொடுங்கள். அங்கே நகரவில்லை என்றால் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவர் 30 நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும். அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு இருக்கிறது. ஊருக்கே தெரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்: 34-வது பிரிவின்படி புனைபெயரில் வழக்கு நடத்தக் கேட்கலாம். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1997-லேயே எம்.எக்ஸ். என்ற எழுத்துகளோடு ஒரு தொழிலாளி வழக்காடி, எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் வேலையை மறுக்க முடியாது என்ற தீர்ப்பை வாங்கினார்.

ஹெபடைடிஸ் பி இருப்பவர்களும் இதே கேள்வியை அனுப்புகிறார்கள். அவர்களை இந்தச் சட்டம் காக்காது. அரசியலமைப்பின் 14, 21-வது பிரிவுகளை வைத்துத்தான் வாதாட வேண்டும். பாதை கொஞ்சம் நீளம்.

எங்கே மனு போட்டாலும் இடைக்கால நிவாரணம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: விடுபட்ட நாட்களை ஆப்சென்ட் என்று கணக்கில் எடுக்காமல், அதே போஸ்டிங்கைத் திரும்பத் தர வேண்டும் என்று.